குடும்பத்தோடு கப்பல் பயணம்: கேபினை எந்த இடத்தில் எடுப்பது?

சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு சொகுசுக் கப்பலில் போய்வருவது இப்போது நம் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. இங்கே வசிப்பவர்கள் பள்ளி விடுமுறைக்குப் போகிறார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானத்தில் வந்து மரினா பே முனையத்தில் கப்பல் ஏறுபவர்களும் நிறைய. எந்தக் கப்பல், எந்த ஊர், எவ்வளவு செலவு என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். கேபின் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். பதிவு செய்யும்போது திரையில் வரும் முதல் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

நாங்களும் முதல் முறை அப்படித்தான் எடுத்தோம். மகளுக்கு அப்போது 2 வயது. உயரத்தில் இருந்தால் கடல் நன்றாகத் தெரியும், சாப்பாட்டுக்கும் பக்கம் என்று நினைத்து, உணவுக்கூடத்துக்கு நேர் கீழ்த் தளத்தில் கேபின். விடிகாலை 4:45 இருக்கும். தலைக்கு மேலே 'கர்ர்' என்று ஒரு சத்தம். நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் 'கர்ர்'. தரையைத் துடைத்துவிட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறார்கள் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அதற்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று காலையும் இதே கதை. மூன்று மாலையும் அவள் ஆறு மணிக்கே தூங்கி விழுந்தாள். அவளுக்காகவே டிக்கெட் எடுத்த நிகழ்ச்சிகள் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

குடும்பத்தோடு போகும்போது பயணம் எப்படி அமையும் என்பதைப் பிள்ளையின் தூக்கம்தான் தீர்மானிக்கிறது. அந்தத் தூக்கம் உங்கள் கேபினுக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது, பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜன்னலில் தெரியும் கடலை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

கப்பலுக்குக் கப்பல் அமைப்பு மாறும். சிங்கப்பூர் வாசிகளுக்குப் பழக்கமான ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆந்தம், ஓவேஷன், ஸ்பெக்ட்ரம் எல்லாம் இந்த வகைதான். நீளம் ஏறத்தாழ 348 மீட்டர்.

படி 1: வருபவர்களின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

கப்பலின் வரைபடத்தைத் திறக்குமுன் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். யார் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள்? மதியம் தூங்கும் குழந்தை உண்டா? இரவில் வெந்நீர் வேண்டுமா? முட்டிவலி உள்ள பெரியவர்கள் வருகிறார்களா? காரில் போனாலே வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கிறதா? பயண மயக்கம் 2 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. கைக்குழந்தைகளுக்கு அபூர்வம்.

வெந்நீர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல கப்பல்களில் கேபினுக்குள் மின்கெட்டில் வைத்திருக்க மாட்டார்கள். தீ விபத்து பயத்தால் நீங்கள் கொண்டுபோகும் கெட்டிலையும் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆக, பால் கலக்க, பாட்டில் கழுவ, மாத்திரை போட, எல்லாவற்றுக்கும் வெந்நீர் எடுக்க உணவுக்கூடத்துக்கு நடக்க வேண்டும். ஒரு பிளாஸ்க் அவசியம் வேண்டும். கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு உணவுக்கூடம் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் கேபின் அதற்கு நேர் கீழே இருந்தால் எங்கள் கதிதான். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று படி 4-ல் சொல்கிறேன்.

குழந்தையின் வயதையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தைகளை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கடலிலேயே இருக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் கேட்கிறார்கள்.

படி 2: எத்தனை தலை, எத்தனை படுக்கை

கேபினில் நாலு படுக்கை இருக்கிறது, ஆனாலும் நாலாவது ஆளைச் சேர்க்க விடவில்லை என்று பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் உயிர்காப்புப் படகு. ஆபத்து நேரத்தில் எந்தெந்தக் கேபினில் உள்ளவர்கள் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்தப் பகுதியில் வரம்பு நிரம்பிவிட்டால் உங்கள் கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் இன்னொருவரைச் சேர்க்க முடியாது. மடியில் வைத்திருக்கும் குழந்தையும் இந்தக் கணக்கில் ஒரு தலைதான். அதனால் குழந்தையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடவே விடாதீர்கள். முதல் நாளிலேயே எல்லார் பெயரையும் போட்டுப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, நாலாவது படுக்கை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, சோபாவை இரவில் விரித்துப் படுக்கையாக்குவது. இன்னொன்று, கூரையிலிருந்து இறக்குவது, ரயிலில் மேல் பெர்த் மாதிரி. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை மேலே படுக்க வைக்க எனக்கு மனம் வராது. தூக்கக் கலக்கத்தில் ஏணியில் இறங்குவது பெரியவர்களுக்கே சிரமம். வரைபடத்தின் ஓரத்தில் குறிவிளக்கம் இருக்கும். எந்தக் கேபினில் சோபாப் படுக்கை, எதில் மேல் படுக்கை, எதில் இணைப்புக் கதவு என்று சின்னச் சின்ன முக்கோணம், அம்பு, புள்ளியாகக் காட்டியிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் குறி மாறும். ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துவிடுங்கள்.

தொட்டில் கேட்டால் தருவார்கள். ஆனால் சாதாரண கேபின் 15 முதல் 18 சதுர மீட்டர்தான். அதற்குள் இரட்டைப் படுக்கை, விரித்த சோபா, தொட்டில் மூன்றையும் போட்டால் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும். குளியலறையும் சிறியது, பெரும்பாலும் ஷவர் மட்டும்தான். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப்போங்கள். குழந்தையைக் குளிப்பாட்ட அதைப்போல உதவும் சாமான் வேறு இல்லை.

ஐந்து பேர், ஆறு பேர் என்றால் இரண்டு கேபின் எடுப்பதே நிம்மதி. இதில் மூன்று வழி உண்டு. உள்ளே இணைப்புக் கதவு உள்ள இரண்டு கேபின் முதல் வழி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதுதான் சிறந்தது. அடுத்தடுத்த கேபின் இரண்டாவது. பெரியவர்களுக்குப் பால்கனி கேபினும், அதற்கு எதிரே நடைபாதையின் மறுபக்கத்தில் ஜன்னல் இல்லாத உட்கேபினும் எடுப்பது மூன்றாவது. பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூன்றாவது வழி செலவிலும் கட்டுபடியாகும். பதிவில் ஒவ்வொரு கேபினுக்கும் ஒரு பெரியவர் பெயர் கேட்பார்கள். ஏறியபின் வரவேற்பு மேசையில் சொன்னால் இரண்டு கதவுக்கும் சாவி அட்டை போட்டுத் தருவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு ஒரே கேபின் போதும் என்றால் இணைப்புக் கதவு உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கதவு சுவர் அளவுக்குச் சத்தத்தைத் தடுக்காது. அடுத்த கேபின்காரர் இருமுவதும் உங்களுக்குக் கேட்கும். உங்கள் குழந்தை அழுவதும் அவர்களுக்குக் கேட்கும்.

படி 3: ஜன்னல் வேண்டுமா?

பகலில் தூங்கும் குழந்தைக்கு ஜன்னல் இல்லாத உட்கேபின் ஒரு வரம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. குவாண்டம் வகைக் கப்பல்களில் பல உட்கேபின்களில் 80 அங்குலத் திரை ஒன்று நிற்கும். வெளியே உள்ள கேமரா காட்டும் கடலை அதில் நேரடியாகப் பார்க்கலாம். தூங்கும்போது அதை அணைத்துவிட முடியும். பயண மயக்கம் வருபவர்களுக்கோ உண்மையான ஜன்னல்தான் நல்லது. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை தெளியும்.

பால்கனி அழகானதுதான், மறுக்கவில்லை. நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் நான் எடுக்க மாட்டேன். அமெரிக்கத் துறைமுகங்களில் ஆள் ஏற்றும் கப்பல்களுக்கு 2010-ல் வந்த சட்டம் கைப்பிடிச் சுவர் 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. தரையில் நிற்கும் குழந்தைக்கு அது போதும். பால்கனியில் கிடக்கும் நாற்காலி மேல் ஏறி நிற்கும் குழந்தைக்குப் போதாது. பால்கனி எடுத்தே தீர வேண்டும் என்றால், நாற்காலிகளை வெளியே எடுத்துவிட முடியுமா என்று கேபின் பணியாளரிடம் கேளுங்கள். முடியாது என்றால் மடக்கிக் கேபினுக்குள் வைத்துவிடுங்கள். கதவுத் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

பார்வை மறைக்கப்பட்டது என்ற குறிப்போடு சில ஜன்னல் கேபின்கள் வரும். எதிரே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கும், அவ்வளவுதான். வெளிச்சம் வரும். கடல் காட்சி பெரிதில்லை என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

படி 4: மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம்

இந்த ஒரு படிக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றதில் தவறினாலும் சமாளித்துவிடலாம்.

கப்பலின் தள வரைபடம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் கேபின் உள்ள தளம், அதற்கு மேல் தளம், கீழ்த் தளம் மூன்றையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நான் ஒரே அளவில் அச்சிட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் பார்ப்பேன். லிஃப்ட் இருக்கும் இடத்தை மூன்றிலும் பொருத்திவிட்டால் மற்றவை தானாகப் பொருந்தும்.

மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். குவாண்டம் வகையில் கேபின் தளங்கள் பெரும்பாலும் 6-ல் தொடங்கி 13 வரை போகின்றன. 14-ல் நீச்சல் குளமும், பின்பகுதியில் விண்ட்ஜாமர் உணவுக்கூடமும். ஆகவே 13-ஆம் தளத்தில் அந்தக் கூடத்துக்கு அடியில் வரும் கேபின்கள் எனக்கு வேண்டாம். 6-க்குக் கீழே கடைகள், சூதாட்டக் கூடம், பாட்டு நடக்கும் அரங்குகள். அங்கிருந்து தாளச் சத்தம் தரை வழியாக ஏறும். இரண்டிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருப்பவை 8, 9, 10. நான் தேடுவது இந்த மூன்று தளங்களில்தான்.

தலைக்கு மேல் இருக்கக்கூடாதவை: உணவுக்கூடம், சமையலறை, நீச்சல் குளத்தைச் சுற்றிய தளம், உடற்பயிற்சிக் கூடம், கூடைப்பந்து மைதானம். குளத்தடியில் நள்ளிரவிலும் அதிகாலையிலும் சாய்வு நாற்காலிகளை இழுப்பார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் எடையைக் கீழே போடும் 'தொம்' சத்தம் வரும். குழந்தைகள் விளையாட்டறை மேலே இருந்தால் பகலில்தான் தொந்தரவு. பகலில் தூங்கும் குழந்தை இல்லாதவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்களைத்தான் நான் மிகவும் சந்தேகப்படுவேன். பயணிகள் போகக்கூடாத இடம் என்பதால் பெயர் போடவில்லை, அவ்வளவுதான். உள்ளே பணியாளர்களின் சாமான் அறை, தள்ளுவண்டி வரும் வழி, சமையலறை, இயந்திரம் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கேபின் வரிசையின் நடுவே அப்படி ஒரு வெற்றிடம் இருந்தால் இரண்டு கதவு தள்ளியே எடுங்கள்.

இப்போது வெந்நீருக்கு வருவோம். உணவுக்கூடம் கப்பலின் பின்பகுதியில் 14-ல் இருக்கிறது என்றால், அதே பின்பக்க லிஃப்ட்டுக்கு அருகே 10-ஆம் தளத்தில் எடுங்கள். லிஃப்ட்டில் நாலு தளம் ஏறினால் போதும். நடுவில் மூன்று அடுக்குக் கேபின் இருப்பதால் சத்தமும் இறங்காது. கப்பலில் கால் வலிக்க வைப்பது ஏற்ற இறக்கம் இல்லை, நீளம்தான். முன்முனையில் கேபின், பின்முனையில் சாப்பாடு என்றால் ஒரு வழிக்கு 250 மீட்டர் ஆகிவிடும். குழந்தையோடு ஒரு நாளைக்கு ஆறு முறை போய்வந்தால் 3 கிலோமீட்டர். தாத்தா பாட்டியை அப்படி நடக்க வைக்க முடியாது.

படி 5: ஆட்டம்

சீசா விளையாட்டில் நடுவில் உட்கார்ந்தவர் அசைவதில்லை, ஓரத்தில் இருப்பவர்தான் ஏறி இறங்குகிறார். கப்பலும் அப்படித்தான். முன்முனையை நம் கடற்கரை ஊர்களில் அணியம் என்பார்கள். அலையில் அணியம் எழும்பும்போது பின்பகுதி தாழும். நடுப்பகுதி ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். 348 மீட்டர் கப்பலில் நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி உங்கள் கேபின் இருந்தால், கப்பல் 1 டிகிரி சாய்ந்தாலே படுக்கை இரண்டரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நடுவில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பக்கவாட்டில் உருள்வது வேறு. அது உயரம் போகப் போகக் கூடும். 30 மீட்டர் உயரத்தில் இருப்பவர், கப்பல் 2 டிகிரி உருண்டால் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்வார். இதைக் குறைக்க நீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்பு போன்ற சிறகுகள் வைத்திருக்கிறார்கள். அவை உருளலை நன்றாகவே அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஆகவே மயக்கம் வருபவர்களுக்கு நடுப்பகுதி முதல் தேவை, தாழ்ந்த தளம் இரண்டாம் தேவை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நடுப்பகுதியை விடாதீர்கள்.

போகும் கடலையும் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் வழி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா அணைத்துக்கொண்டிருப்பதால் பெரும்பாலும் குளம் போல இருக்கும். அங்கே ஆட்டத்தை நினைத்து அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வியட்நாம் பக்கம் தென்சீனக் கடலில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும், அப்போது நடுப்பகுதி அவசியம். கப்பல் சிறியதாக இருந்தாலும் அப்படியே. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கி, 2023-ல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போன கார்டேலியாவின் எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் கட்டியது, நீளம் சுமார் 211 மீட்டர். அதே அலை பெரிய கப்பலைவிட அந்த அளவுக் கப்பலை அதிகம் அசைக்கும்.

முன்முனைக்கு இன்னொரு குறை. கரை சேரும் நேரத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரங்கள் அணியத்தின் அடியில் ஓடும். தாழ்ந்த தளங்களில் உள்ளவர்களுக்குப் படுக்கையே அதிரும். பெரும்பாலும் காலை ஆறு, ஏழு மணிக்குத்தான் இது நடக்கும். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராகக் கட்டும். புக்கெட்டில் பத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் கரைக்கு அழைத்துப்போவார்கள். நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் முன்பக்கக் கேபின்காரர்களை எழுப்பிவிடும். பின்முனையின் கீழ்த் தளங்களில் உந்துவிசையின் அதிர்வு இருக்கும்.

படி 6: லிஃப்ட்டிலிருந்து ஐந்தாறு கதவு

லிஃப்ட்டை ஒட்டிய கேபினில் இரவு ஒரு மணிக்கும் பேச்சுக்குரல் கேட்கும். அதற்காக நடைபாதையின் கோடிக்கும் போக வேண்டாம். லிஃப்ட் முகப்பிலிருந்து திரும்பி ஐந்தாறு கதவு தள்ளி என்பது என் கணக்கு. முட்டிவலி உள்ளவர்கள் வந்தால் மூன்று கதவு. அவர்களுக்காக இன்னொன்றும் யோசியுங்கள். ஆபத்துக் காலத்தில் லிஃப்ட் ஓடாது, படியில்தான் இறங்க வேண்டும். கூடும் இடங்கள் பெரும்பாலும் கீழ்த் தளங்களில் இருப்பதால் பெரியவர்களுக்கு 6, 7, 8 தளங்கள் நல்லது.

படி 7: இடமா, வலமா?

மலாக்கா நீரிணையில் இதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது மாலை வெயில் இடப்பக்கம் விழுந்தால், திரும்பும்போது வலப்பக்கம் விழும். ஒரே திசையில் போகும் பயணங்களில் மட்டும் பக்கம் முக்கியம். வான்கூவரிலிருந்து வடக்கே அலாஸ்காவுக்குப் போகிறீர்கள் என்றால் கரை வலப்பக்கம். பால்கனி எடுப்பவர்கள் கீழே புகைபிடிக்கும் திறந்த தளம் இருக்கிறதா என்று பாருங்கள். புகை மேலேதான் வரும்.

படி 8: பதிவு

எண்ணை நிறுவனமே தீர்மானிக்கும் என்ற நிபந்தனையோடு விலை குறைத்து ஒரு கேபின் விற்பார்கள். தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு அது சரி. இரண்டு கேபின் எடுக்கும் குடும்பம் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒன்று 7-ஆம் தளத்தின் முன்முனையிலும் மற்றது 12-ஆம் தளத்தின் பின்முனையிலும் வந்தால் கேட்க முடியாது. சிங்கப்பூரில் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைப் பயணங்களில் இணைப்புக் கதவு உள்ள கேபின்கள்தான் முதலில் தீரும். அவை மிகக் குறைவு. தேதி முடிவானதும் அவற்றை மட்டுமாவது முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். முகவர் மூலம் எடுத்தால் விருப்பமான மூன்று எண்களை எழுதிக் கொடுங்கள். நடுப்பகுதியாகப் பார்த்துப் போடுங்கள் என்று வாயால் சொன்னால் அவருக்குத் தோன்றியதைப் போடுவார். உறுதிச்சீட்டு வந்ததும் எண் சரியாக இருக்கிறதா, இணைப்புக் கதவு உள்ள ஜோடிதானா என்று வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். கப்பல் கிளம்பியபின் மாற்றித் தர பெரும்பாலும் காலி கேபின் இருக்காது.

படி 9: உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம்

பெட்டியைத் திறக்குமுன் ஒரு சுற்றுப் பாருங்கள். பால்கனிக் கதவின் தாழ்ப்பாள், மேல் படுக்கையின் தடுப்புக் கம்பி, ஏணியின் கொக்கி, இணைப்புக் கதவு பூட்டியிருக்கிறதா என்பது. தொட்டில் வரவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், மாலையில் எல்லாரும் கேட்பார்கள். அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட்டிலிருந்து கேபினுக்கு இரண்டு முறை நடந்து பாருங்கள். எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி இருக்கும், பெரியவர்களே தவறான பக்கம் திரும்பிவிடுவார்கள். சில கப்பல்களில் நடைபாதைக் கம்பளத்தில் மீன்கள் நெய்திருப்பார்கள். எல்லா மீனும் கப்பலின் முன்பக்கம் பார்த்து நீந்தும். கதவில் ஒட்ட வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கும் காந்த பொம்மை ஒன்றை எடுத்துப்போங்கள். பல கப்பல்களில் கேபின் கதவு இரும்பு, ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் இரண்டாவது பயணத்தில் 9-ஆம் தளம், பின்பக்க லிஃப்ட்டிலிருந்து ஐந்தாவது கதவு. கதவில் ஒரு மயில் காந்தம். மகளுக்கு அப்போது 4 வயது. இரண்டாம் நாளே லிஃப்ட் திறந்ததும் எங்களுக்கு முன்னே ஓடி, மயில் உள்ள கதவின் முன் நின்றுகொண்டு சாவி அட்டையைக் கேட்டாள். மறுநாள் காலை ஏழரை வரை தூங்கினாள்.